பீலிக்கரையில் வாசித்த கடிதம்

மஸ்கட்
11.02.2024

பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய தாயார் இராக்கம்மா அவர்களுக்கும், அன்புத் தங்கை சுபாஜினிக்கும், மூத்த மகள் ஜெயலெட்சுமி பணிவுடன் வரைந்துகொள்வது.

இவ்விடம் நான் நலம். அவ்விடம் தங்கள் இருவரின் நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி எந்நிலையில் உள்ளது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி இருபத்து நான்கு தினங்கள் கழிந்த பின்னரே இம்மடலை எழுத நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன்.

வந்திறங்கிய அன்றே எங்கள் கைத்தொலைபேசிகளையும் கடவுச்சீட்டுகளையும் பாதுகாப்புக் கருதி முகவர் அலுவலகத்தார் பொறுப்பேற்றுக்கொண்டனர். எண்கள் யாவும் தொலைபேசிக்குள்ளேயே இருந்தமையால், மனப்பாடமாக ஓர் எண்ணும் என்னிடம் இல்லை. ஆகவே இனி மடல் வழியாகவே உரையாடுவோம். அதுவும் நல்லதே. பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

என்னை இங்கு அனுப்பிவைத்த வீரசிங்கம் அண்ணன் கூறிய மருத்துவமனைத் துப்புரவுப் பணி சிறிது தாமதமாகுமாம். அதுவரை, அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பதினொரு சகோதரிகளுடன் விருந்தினரைப் போலத் தங்கியிருக்கிறேன். தரை முழுவதும் பளிங்கு. கூடத்தின் எதிரே ரோசாச் செடிகள் சூழ்ந்த நீரூற்று ஒன்று உள்ளது. அதன் நீர் மூன்று ஆள் உயரம் எழுந்து, வெண்முத்துகளாய்ச் சிதறி விழும் காட்சியை எழுத்தில் வடிப்பது அரிது.

காலை எட்டு மணி முதல் நாங்கள் கூடத்தில் வரிசையாக அமர்ந்திருப்போம். கனவான்களும் சீமாட்டிகளும் வந்து பார்வையிடுவர். எழுந்து நிற்கவும், நடக்கவும், கைகளை நீட்டவும் சொல்வர். இது இந்நாட்டு மரபு என அறிந்தேன். என் விரல்களில் படிந்திருக்கும் தேயிலைக் கொழுந்துக் கறையைக் கண்டு ஒரு சீமாட்டி தலையசைத்து நகர்ந்துவிட்டார். எங்கள் மேற்பார்வையாளரான றிப்கா என்னும் நம் நாட்டுப் பெண்மணி, எலுமிச்சையும் சவர்க்காரமும் தந்து தேய்க்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் மடல்களையும் அவரே வாசித்துப் பார்த்துத் தபாலில் சேர்ப்பிக்கிறார்.

உறையில் அலுவலகத்தின் தபாற்பெட்டி எண் உள்ளது. சுபாஜினி, அம்மாவை மழையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக விடாதே.

என்றும் தங்கள்,
ஜெயலெட்சுமி


வெள்ளைப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
பசறை
06.03.2024

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை சுபாஜினி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்க மேல்மலை முனியாண்டியை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள் சும்மா இருக்கிறது.

உங்கள் கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து ஒன்பது நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. ஒன்றாம் திகதி காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரிக்கும்போதுதான் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தார். உறை முன்பே பிரிந்திருந்தது. "இந்தா சுபா, ஒங்க அக்கா அரண்மனையில இருக்காளாம். நீ இங்க வாரத்துல ரெண்டு நாள் மட்டம் போடுற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு விடுவார்களா? அந்தியில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் என்னை ஒரு கல்லில் ஏற்றி வாசிக்க வைத்தாள் அம்மா. நீரூற்று வந்த இடத்தில் மூன்று தடவை வாசித்தேன். மேல் லயத்து வீடுகளிலிருந்து வந்த பெரியம்மா, "அந்தத் தொட்டியில குளிக்க விடுவாங்களான்னு கேட்டு எழுதுடி. இங்க பீலியில கொடத்த வச்சா ரொம்புறதுக்குள்ள கெழவியாயிருவோம் போல இருக்கு" என்றார்.  அம்மா கழுத்தை நிமிர்த்தி நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய பிள்ளை, சீனி சுற்றி வந்த பேப்பரை வாசித்தே படித்த பிள்ளை, தோட்டத்துக்கே மனு எழுதிக் கொடுத்த பிள்ளை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீரசிங்கம் அண்ணன் லுணுகலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போனில் படம் பிடித்துக்கொண்டார். "தங்கமான எழுத்து" என்றார்.

அக்கா, ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரி கூட்டுகிற வேலைக்குக் கையை எதற்கு நீட்டிக் காட்ட வேண்டும்?

என் போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. திருத்தினாலும் லயத்துக்கு டவர் இல்லை. ஆகவே நானும் கடிதமே எழுதுகிறேன்.

அன்புத் தங்கை,
சுபாஜினி


மஸ்கட்
02.04.2024

அன்பிற்கினிய தங்கைக்கு, அக்கா ஆசீர்வதித்து எழுதுவது.

நலம். நலமறிய அவா. அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

கைகளைப் பற்றி வினவியிருந்தாய். தூய்மையை இந்நாட்டார் உயிரெனக் கருதுவர். வேறொன்றுமில்லை.

மருத்துவமனைப் பணி கைகூடவில்லை. பெப்ரவரி இறுதியில் ஓர் இல்லத்தில் பணிக்கு அமர்ந்தேன். நான்கு மாடி, பதினான்கு பேர் கொண்ட செல்வந்தக் குடும்பம். எனக்கென மாடிப்படியின் கீழ் அமைதியான இடம் ஒன்றை ஒதுக்கித் தந்திருந்தனர். அச்சூழல் எனக்கு ஒத்துவராமையால் இருபத்தாறு நாட்களின் பின் அலுவலகத்துக்கே மீண்டேன். இப்போது மறுபடியும் சகோதரிகளுடன் கூடத்தில் அமர்கிறேன். வேறொரு நல்ல இல்லம் அமையும் என றிப்கா அவர்கள் கூறியுள்ளார்.

இடது முன்கையில் சிறு தீப்புண் ஏற்பட்டது. அடுப்படியில் என் கவனக்குறைவால் நேர்ந்தது. ஆறிவருகிறது. எழுதும் கை வலது என்பதால் கவலையில்லை.

ஒரு வேண்டுகோள். என் மடல்களை வீரசிங்கம் அண்ணனிடம் கொடுக்க வேண்டாம். முதல் மடலை அவசரத்தில் எழுதினேன். கையெழுத்து சீராக இல்லை. இரண்டொரு இடத்தில் அடித்தலும் உண்டு. அத்தகைய எழுத்து பிறர் கண்ணில் படுவது எனக்கு இழுக்கு. எடுத்த படத்தை அழித்துவிடும்படி அவரிடம் சொல்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அம்மாவுக்குச் சேலை வாங்கிக் கொடு. அன்று பொங்கும்போது என் பங்குப் பானையை நீயே இறக்கிவை.

அன்புடன்,
ஜெயலெட்சுமி


வெள்ளைப்பாறை, பசறை
25.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். கையில் தீப்புண் என்றதும் அம்மா சாப்பிடவில்லை. "அவ பத்து வயசுலேர்ந்து அடுப்பு மூட்டுறவ. அவளுக்கு எப்புடிச் சுடும்" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வருடப்பிறப்பு வந்தது. பால் பொங்கியது. உங்கள் பானையை நானே இறக்கினேன்.

வீரசிங்கம் அண்ணனிடம் நீங்கள் சொன்னதைச் சொல்ல முடியவில்லை. அதற்குள் காரியம் எங்கோ போய்விட்டது. அவர் உங்கள் முதல் கடிதத்தைப் பசறையில் போட்டோகொப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகிறார். பூனாகலையில்கூட நாலைந்து பேர் வாசித்துவிட்டார்களாம். கோயில் கூட்டத்தில் என் காதுபடவே சொன்னார்: "நான் சொன்னா ஏஜென்ட் பொய் சொல்றான்னு சொல்லுவீங்க. இது நம்ம இராக்கம்மா மக எழுதினது. கையெழுத்தப் பாருங்க. பயந்தவ எழுத்து இப்படியா இருக்கும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இனி நான் சொல்லப்போவதற்குத் திட்டாதீர்கள். மேல் லயத்து மதுஷாவும் நானும் அண்ணனோடு கண்டிக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். வந்ததும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியத் தேவையில்லையாம். உங்களைப் போலவே விசிட் விசாவாம். உங்கள் அலுவலகத்துக்கேதான் அனுப்புவாராம். இரண்டு பேராக இருந்தால் நமக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணித் துண்டில் வீட்டை இரண்டு வருடத்தில் கட்டிவிடலாம். பின்சுவர் மறுபடியும் விரிந்திருக்கிறது. மழை பெய்தால் அம்மா கதவோரத்தில்தான் படுக்கிறாள், ஓடுவதற்கு வசதியாக.

வா என்றால் வருகிறேன். வராதே என்றால் வரவில்லை. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சுபாஜினி


மஸ்கட்
20.05.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

உன் மடல் திறந்த நிலையில் என் கைக்குக் கிடைத்தது. இதையும் றிப்கா அவர்கள் என் அருகிலிருந்தே வாசித்துவிட்டு ஒட்டுவார்.

உன் பயணத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தேன். இங்கு வெப்பம் மிகக் கடுமை. மலையின் குளிரில் வளர்ந்த உன் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. உனக்குச் சிறு வயதிலேயே மூக்கில் இரத்தம் வடியும் தொல்லை உண்டு. மேலும், அம்மாவைத் தனியே விட்டு வருவது அறமன்று. மலையில் வேலைக்கு ஆளில்லாத வீட்டாரிடம் லயத்து அறையைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதும் நீ அறிந்ததே.

ஆகவே தற்போதைக்குப் பயணத்தை ஒத்திவைப்பது சாலச் சிறந்தது என்பது என் தாழ்மையான கருத்து.

நாளை நான் புதிய இல்லம் ஒன்றுக்குச் செல்கிறேன்.

ஜெயலெட்சுமி


வெள்ளைப்பாறை, பசறை
12.06.2024

அக்காவுக்கு,

சுகம்.

வெயில் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு மழையில் இறங்கி, சாக்கைப் போர்த்திக்கொண்டு, கால் முழுக்க அட்டை தொங்க நிற்பது எனக்கு ஒத்துக்கொள்கிறதா? அதைக் கேட்டு எழுத உங்களுக்குத் தோன்றவில்லையே. மூக்கில் இரத்தம் வந்தது ஒன்பது வயதில். இப்போது எனக்கு இருபத்து மூன்று.

"தாழ்மையான கருத்து" என்று எனக்கு எழுதுகிறீர்கள். நான் என்ன தொழில் அமைச்சரா?

கடிதத்தை வீரசிங்கம் அண்ணனிடம் காட்டினேன். ஆமாம், காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஒங்க அக்கா பெரிய எழுத்துக்காரி. வேணாம்னா வேணாம்னு எழுதத் தெரியாதா அவளுக்கு? இப்புடிச் சுத்தி வளைச்சு எழுதுறான்னா மனசுல வேற என்னமோ இருக்கு. அக்காமாருக்கு எப்பவுமே தான்தான் ஒசரத்துல நிக்கணும்" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் சொன்னதில் பாதி சரியாகப் படுகிறது. நான் வா என்றோ வராதே என்றோதான் கேட்டேன். இரண்டையும் நீங்கள் எழுதவில்லை.

அம்மாகூடச் சொல்லிவிட்டாள்: "போறவ போகட்டும். நான் வயசாகித் தோட்டத்துல பேர் வெட்டுற மட்டும் மலைக்குப் போறேன். அறைய யாரு கேக்குறான்னு பாப்போம்."

பாஸ்போட் வந்துவிட்டது. அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தாம் திகதிக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். பத்து நாள் முன்னதாகக் கொழும்பில் அவருடைய ஆட்களின் வீட்டில் போய்த் தங்க வேண்டும். அங்கே போனதும் வெளியார் தொடர்பு கூடாதாம். ஆகவே அதற்கு முன் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள்.

நீரூற்றை நானும் பார்க்கத்தான் போகிறேன்.

சுபாஜினி


மஸ்கட்
01.07.2024

அன்புத் தங்கை சுபாஜினிக்கு அக்கா எழுதுவது. நலம்.

அந்தச் சொல்லை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. சுபா, நான் நலமில்லை. வராதே. நீ கேட்ட ஒரு வார்த்தை அதுதான். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இந்த வீட்டின் ஓட்டுநர் ஷுக்ரி பதுளைக்காரர்; அண்ணன் முறையில் நானா என்றே அழைக்கிறேன். அலுவலகத்துக்குப் போனபோது உன் கடிதத்தை அவர்தான் வாங்கி வந்தார். இதை றிப்கா பார்க்க மாட்டாள். நானா தம் கையால் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியைக் கேட்டேன். அது முதலாளியின் பெயரில் உள்ளதாம். யாருக்குப் பேசினாலும் தெரிந்துவிடுமாம். "கடிதம்னா யார்ட பேரும் வெளிய வராது தங்கச்சி" என்றார். இதற்கே இரண்டு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

நீரூற்று என்று எதுவும் இல்லை. கூடத்துச் சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்த படம் அது. இருந்த ஒரே சன்னலில் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு மலசலகூடம். வந்து பார்த்தவர்கள் எங்களை வேலைக்கு எடுக்க வந்தவர்கள். சந்தையில் ஆடு பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தி வரை யாரும் எடுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு வேளைச் சோறுதான். மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டே அமர்ந்திருந்ததற்காக றிப்கா செருப்பால் அடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

விசிட் விசா முப்பது நாளில் முடிந்துவிட்டது. கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் நான் இருக்கக் கூடாத ஆள். அடித்தவனுக்குப் பொலிசைக் கண்டு பயமில்லை. அடிவாங்கிய நான்தான் ஒளிய வேண்டும். பணியகத்தில் பதியாததால், என்னைத் தேட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் என் பெயர் இல்லை.

கையில் இருப்பது அடுப்புக் காயமல்ல. இஸ்திரிப் பெட்டி. முதல் வீட்டு அம்மாள் வைத்தாள், சட்டை மடிப்புச் சரியில்லை என்று. அந்த வீட்டு மூத்த மகன் செய்ததை நான் எழுத மாட்டேன். எழுத மாட்டேன் என்பதிலிருந்தே நீ விளங்கிக்கொள். அம்மாவுக்கு இந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காதே. அதன் பிறகு நான் எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் களஞ்சிய அறையில் பூட்டி வைத்துவிட்டு, பழுதான சாமானைப்போல அலுவலகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இந்த இரண்டாம் வீட்டில் அடி இல்லை. வெளிக்கதவுக்குப் பூட்டு மட்டும் உண்டு.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். முதல் கடிதம் எழுதும்போது றிப்கா, "சுகமா வந்து சேந்தன்டு மட்டும் எழுதுங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பளிங்கும் ரோசாவும் வெண்முத்தும் நானாகச் சேர்த்தவை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பெரட்டிலும் பீலியிலும் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புக்காரி ஏமாந்துபோனாள் என்று அங்கே ஒருவர் சொல்லிவிடுவார்களே என்ற பயம், இங்கே எனக்கு இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வீரசிங்கம் சொன்ன பொய்யை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். என் கையெழுத்தை நம்பினார்கள்.

இதையும் பீலிக்கரையில் நின்று வாசி. அம்மாவுக்காக விடச் சொன்ன வரியைத் தவிர ஒன்றையும் விடாதே. மதுஷாவின் வீட்டார் நிற்கும்போது வாசி. கொப்பி எடுத்து எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பு. கடவுச்சீட்டைத் திருப்பிக் கேள். தர மறுத்தால் பசறைப் பொலிசுக்குப் போ.

இது வந்து சேர்ந்ததா என்று எழுது. உறையில் இருப்பது இந்த வீட்டுத் தபாற்பெட்டி எண்; நானாதான் திறப்பார்.

அக்கா


வெள்ளைப்பாறை, பசறை
28.06.2024

அன்புள்ள அக்காவுக்கு, சுபாஜினி எழுதுவது.

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். அம்மா திட்டினாள். மன்னித்துவிடுங்கள்.

ஒரு அவசர விசயம். விசா முன்னதாகவே வந்துவிட்டதாம். ஆகஸ்ட் பத்து இல்லை. ஜூலை இருபத்து நான்கு பிளைட். இருபதாம் திகதி சனிக்கிழமை காலை நானும் மதுஷாவும் பசறையில் பஸ் ஏறுகிறோம். அண்ணன் கொழும்பில் நிற்பார். உங்கள் புதிய வீட்டின் தபாற்பெட்டி எண்ணை அவரே அலுவலகத்தில் கேட்டுத் தந்தார், பாருங்கள், நல்ல மனசுதான்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருக்கும். நேரில் வந்து காலைப் பிடிக்கிறேன். அம்மா உங்களுக்குப் பாவற்காய் வற்றலும் தேயிலைத் தூளும் கட்டித் தருகிறாள். என் விரல் கறை போக இப்போதிருந்தே எலுமிச்சை தேய்க்கிறேன். மதுஷா சிரிக்கிறாள்.

இனி உங்களுக்குப் பயமில்லை. நான் வந்துவிடுவேன்.

சுபா


மஸ்கட்
16.07.2024

சுபா,

ஜூன் இருபத்தெட்டாம் திகதி நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் ஒன்றாம் திகதி எழுதியது உன் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. தோட்டத்து ஒபீசில் கிடக்கிறதோ, கணக்கப்பிள்ளை பிரித்து வாசித்துவிட்டு வீரசிங்கத்திடமே கொடுத்துவிட்டாரோ, அதுவும் தெரியவில்லை. வந்திருந்தாலும் உன் பதில் இங்கே வந்துசேர இன்னும் நாளாகும். ஆகவே வரவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வராதே. பஸ் ஏறாதே. மதுஷாவையும் ஏற விடாதே. நான் அந்த முதல் கடிதத்தில் எழுதியது பொய். என்னை ஏமாற்றினார்கள், அதை மறைக்க நான் உங்களை ஏமாற்றினேன். உன்னை அனுப்பப்போவதும் அதே மூன்றாம் மாடிக்குத்தான்.

இதைத் தபாலில் போடவில்லை. ஷுக்ரி நானாவுக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது. நாளை புதன்கிழமை விமானம். வியாழன் மாலைக்குள் பதுளையில் இருப்பார். வீட்டுக்குப் போகும் முன் நேரே வெள்ளைப்பாறைக்கு வருவதாகப் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்திருக்கிறார். பசறையிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதை மழையில் கழுவிப்போயிருந்தால் நடந்தாவது வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்குள் அவர் உன்னிடம் வந்துவிட்டால் நீ சனிக்கிழமை பஸ் ஏற மாட்டாய். விமானம் பிந்தினால், அவருடைய வீட்டார் அவரைப் பிடித்துக்கொண்டால், என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யோசிக்க முடியவில்லை.

இன்னொரு விசயம் சொல்ல வேண்டும். நம் தூதரகத்தில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தங்குமிடம் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு இந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அப்போது கதவைத் திறந்துவிடுவதாக வாயிற்காவலர் சொல்லியிருக்கிறார். பங்களாதேஷ்காரர், வயதானவர். "வார வெள்ளிக்கிழமையே போங்கோ தங்கச்சி" என்று நானா சொன்னார். போகவில்லை. போய்விட்டால் உன் பதில் என்னைத் தேடி வர இடமில்லை. இருபத்தாறாம் திகதி, அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் அது உன் பதிலைப் பொறுத்தது.

நீ எழுதுவதை நானா தம் ஊர்ப் போனில் படம் பிடித்துக் காவலரின் போனுக்கு அனுப்புவார். திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் திகதி வரை பார்ப்பேன். உன் கையெழுத்து வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை நான் தூதரகத்துக்குப் போய்விடுவேன். அங்கிருந்து எப்படியாவது ஊருக்கு வந்துவிடலாம்.

வராவிட்டால் நீ புறப்பட்டுவிட்டாய் என்றே கொள்வேன். செவ்வாய்க்கிழமை காலை முதல் இந்த வீட்டில் எந்த வேலையும் செய்ய மாட்டேன். ஒரு வீட்டிலிருந்து எப்படித் திருப்பி அனுப்பப்படுவது என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். இருபத்து நான்காம் திகதி வந்திறங்கும் உன்னை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைக்கும்போது, பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். உன்னை அங்கே தனியாக உட்கார விட மாட்டேன். அதன் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு நான் நன்றாக இருப்பதாகச் சொல்லாதே. உயிரோடு இருப்பதாகச் சொல்.

நானாவை வாசலிலேயே நிற்க வை. தேநீர் கொடுக்க உள்ளே போகாதே. இந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதிலேயே, உன் கையால், உடனே பதில் எழுது.

அக்கா